ஷெட் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு ஷெட் அண்ணாச்சி உண்டு. ஷெட் வைத்திருப்பவர் இல்லை. ஷெட் போடப் போகிறவர்.

ரிட்டயர் ஆன மறுவாரமே இந்தக் குணம் தலைகாட்டும். வேட்டி மடிப்பில் அளவு டேப் ஒன்று குடியேறும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருமுன் பந்தலின் அகலம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். துக்க வீட்டிலும் அளப்பார்தான். ஆனால் அங்கே கண்ணால் மட்டும். அந்த நாகரிகம் உண்டு.

மற்ற தெரு அண்ணாச்சிகளுக்கு ஷெட் வேண்டியிருப்பது மாட்டுக்கு, மோட்டாருக்கு, ஓடாத ஸ்கூட்டருக்கு. எங்கள் தெருக்காரருக்கோ அலைச்சறுக்குப் பலகை செய்ய. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை டிவியில் பார்த்துவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் தங்கை மகன் வேறு கோவளத்தில் பலகையேறிப் பழகுகிறான். “மருமகனுக்கு நாமளே ஒண்ணு செதுக்கிக் குடுத்துருவோம் வே” என்றார். அலையோ ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், திருச்செந்தூரில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் சேகரித்த ஞானத்தில் குறை சொல்ல முடியாது. ஃபோம் கட்டையை இரண்டு தாங்கிகளில் படுக்கவைத்து, சுற்றிச் சுற்றி வந்துதான் இழைக்க வேண்டுமாம். சுவருக்கு அடர்ந்த நிறம். டியூப்லைட்டை உச்சியில் மாட்டக்கூடாது; இடுப்புயரத்தில், இரண்டு பக்கச் சுவரிலும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடும் பள்ளமும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பலகை ஒன்பதடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மும்மூன்றடி, ஆக 15. அகலம் இரண்டடி, இருபுறமும் நந்நாலு, ஆக 10. தாளில் ‘15-க்கு 10’ என்று எழுதி அடிக்கோடும் இட்டார். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஒத்திகை பார்க்க வேண்டுமே! அடுத்த தெருக் கல்யாண வாசலில் கட்டியிருந்த வாழையை, தாலி கட்டி முடிந்ததும் சொல்லிவிட்டே தூக்கி வந்தார். தாமிரபரணிப் பாசன வாழை; குலையும் இலையும் கழித்தால் சொல்லிவைத்தாற்போல் ஒன்பதடி. பொறவாசலில் இரண்டு முக்காலிமேல் கிடத்தி, இழைப்புளி பிடித்த பாவனையில் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் முழங்கை முருங்கையில் இடித்தது. முருங்கை மதினி வைத்தது. வெட்டலாமா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. வாழை மறுநாள் தண்டுப் பொரியலாகிவிட்டது.

அடுத்து, காலண்டர் அட்டையின் பின்புறத்து மனையடி சாஸ்திரம். 10 அடிக்கு நல்ல பலன். 15 ஆகாது. இறங்கி வரலாமென்றால் 14, 13, 12 மூன்றுமே ஆகாது. 16-க்குச் செல்வம் பெருகும். ஓரடி கூடினால் பலகைக்கு ஒன்றும் கெடாது; முருங்கைதான் ஷெட்டுக்குள் வந்து நிற்கும். அந்த 16 உள் அளவா வெளி அளவா என்ற விசாரத்தில் ஐப்பசி முழுக்கக் கழிந்தது.

காப்பி குடிக்க வருகிறவர்களெல்லாம் ஆளுக்கு ஓரடி போட்டுவிட்டுப் போனார்கள். தூத்துக்குடியில் ஃபைபர் படகு வேலை பார்த்த ஒருவர், இழைக்கிற தூசும் ரெசினும் ஒரே அறையில் ஆகாது, நம்மூர் வெயிலுக்கு ரெசின் கலக்கிய டப்பாவிலேயே இறுகிவிடும், தனி அறை வேண்டும் என்றார். இன்னொருவர் 2023 டிசம்பரை நினைவுபடுத்தினார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, நெல்லை ஜங்ஷன் வரை ஆறு ஏறி வந்ததே! அஸ்திவாரம் நாலடி உயர்ந்தது. உயர்ந்தால் ஆடிக் காற்றுக்குத் தகரம் நிற்காது என்றார் மூன்றாமவர். கான்கிரீட் போடச் சொல்லிவிட்டு அவர் இரண்டாவது காப்பிக்குக் காத்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, உவரிக் கரையில கட்டுமரம் செதுக்கினவங்க ஷெட்டா போட்டாங்க?”

“அது மரம் வே. இது ஃபோமு. வெயில் பட்டா மஞ்சளிச்சிரும்.”

“இருட்டுக்கடை எத்தனை அடி? அதுல ஊருக்கே அல்வா விக்கலியா?”

“அளந்திருக்கேன். அல்வா வாங்குதவன் ரோட்டுல நிப்பான். பலகையைச் சுத்துதவன் எங்கவே நிப்பான்?”

பதில் சரியாகத்தான் இருந்தது. இந்த மாதிரி ஆட்களிடம் அதுதான் தொல்லை.

பொங்கலுக்கு வந்த மருமகன், கடையில் வாங்கிய ஒன்பதடிப் பலகையைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். திருச்செந்தூர்க் கடலில் இரண்டு நாள் விழுந்து எழுந்துவிட்டு, ஊருக்குப் போகும்போது மாமா வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

போன வாரம் போயிருந்தேன். மொட்டைமாடியில் அதே இரண்டு முக்காலிமேல் பலகை. அதன்மேல் நனைத்த வேட்டியை விரித்து மதினி கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தார்கள். எந்தப் பக்கமும் இடிக்காமல் சுற்றிச் சுற்றி வந்து பிழிந்தார்கள். அண்ணாச்சி ஒரு மூலையில் டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு நின்றார்.

“மழை வந்தா வத்தல் நனைஞ்சிரும்லா?” என்றார் என்னைப் பார்த்து. “அந்த முனையைக் கொஞ்சம் பிடியும் வே.”