நாலாவது சீட்டும் அடி எண்ணும் கடிகாரமும்

டோம்பிவிலியிலிருந்து மும்பை சிஎஸ்எம்டிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். காலை ஃபாஸ்ட் லோக்கலில், மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவதாக ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தவர் அன்றைக்குப் பண்ணையார். அந்த இடத்துக்காகக் கல்யாண் வரை எதிர்த்திசையில் போய், அதே வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்பி வருகிறவர்களும் உண்டு.

இந்த ஊரில்தான் இப்போது மணிக்கட்டுக்கு மணிக்கட்டு அடி எண்ணும் கடிகாரம். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று அதிர்கிறது. உட்கார என்ன பாடுபட்டோம் என்று அதற்கு யார் சொல்வது? அடுத்தவர் அக்குளில் சிக்கிய கையை உருவி அதை அணைப்பதே பெரிய உடற்பயிற்சி. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வண்டியை விட்டால், வீட்டிலும் இதே கதைதான். 2018இல் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. நாங்களும் பொறுப்பாகத் துணிப்பை வாங்கினோம், ஆன்லைனில். குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. நல்ல பெட்டி. தூக்கிப் போட மனசு வருமா? பரணில் இருக்கிறது, தன் உறவினர்களோடு.

வண்டி போகும் வழியில், சயானுக்கு மேற்கே தாராவி. அங்கே 13வது காம்பவுண்டில், ஊர் வீசியெறிந்த பிளாஸ்டிக்கை நிறம் பார்த்து, ரகம் பார்த்துப் பிரித்து, உடைத்து, கழுவி, உருக்கிக் குருணையாக்குகிறார்கள். சயான் வந்ததும் எதிர்சீட்டுக்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுகையால் வீட்டுக்குக் கொத்துமல்லி ஆர்டர் போட்டார், ஒரே ஒரு கட்டு. பத்து நிமிஷத்தில் அது டோம்பிவிலி போய்ச் சேர்ந்துவிடும். அவர் போய்ச் சேர ராத்திரி ஒன்பதாகும்.