நிலம் வைத்திருந்தவன் பாவம்

நடு ஜாவாவின் பழைய ராஜாக்களுக்கு நிலத்தின் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. காடு ஏராளமாகக் கிடந்தது. தெம்பிருப்பவன் வெட்டித் திருத்திக்கொள்ளலாம். பஞ்சம் ஆளுக்குத்தான். அதனால் உங்கள் ராஜ்யம் எவ்வளவு பெரிது என்று கேட்டால் இத்தனை குடும்பம் என்று பதில் வரும். 1755இல் கியாந்தி ஒப்பந்தப்படி மாத்தாராம் ராஜ்யம் சுரகர்த்தா, யோக்யகர்த்தா என்று இரண்டானபோது பாகப்பிரிவினையும் அந்தத் தலைக்கணக்கில்தான் நடந்தது. நடுவில் ஒரு கோடு கிழித்து விஷயத்தை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊர் ஊராகப் பொறுக்கிப் பங்கு போட்டார்கள். உங்கள் ஊர் ஒரு ராஜாவுக்கு, வாய்க்காலுக்கு அப்பால் உள்ள ஊர் அடுத்தவருக்கு. கோழி திருடுகிறவனுக்கு இப்படியொரு சலுகையை எந்த அரசாங்கமும் செய்ததில்லை: வாய்க்காலைத் தாண்டினால் வெளிநாடு!

குடியானவனுக்கும் அதில் ஒரு வசதி. வரி கசந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டி, வேறு ஊரில் போய்க் குடியேறிவிடலாம். ஆள் தேவைப்படும் இடத்தில் பூர்வீகம் விசாரிக்க மாட்டார்கள்.

இந்தச் சுகவாழ்வைக் கெடுக்க 1808இல் டாண்டல்ஸ் என்ற டச்சு கவர்னர் ஜெனரல் வந்து சேர்ந்தார். நெப்போலியன் காலத்து மார்ஷல். ஜனங்கள் வைத்த பெயர் ‘மாஸ் காலாக்’, நம் பாஷையில் சிடுசிடு அண்ணாச்சி. மேற்கே அன்யரிலிருந்து கிழக்கே பனாருகன் வரை சுமார் 1,000 கிலோமீட்டருக்குச் சாலை போடச் சொன்னார். போட்டது கிராமத்தான், செத்ததும் அவன்தான். சாலை தயாரானதும் தபால் வண்டியும் துரைமார் குதிரைகளும் ஜோராக ஓடின. சாலை போட்டவனின் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை. சக்கரம் பட்டால் சாலை கெட்டுவிடுமாம்.

1811இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். ஆள வந்த ராஃபிள்ஸ் நன்றாகப் படித்தவர். அதனால் அபாயம் இன்னும் அதிகம். நிலமெல்லாம் சர்க்காருடையது, உழுகிறவன் வெறும் வாடகைக்காரன் என்று அவர் புத்தகங்களிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். நல்ல நஞ்சைக்கு விளைச்சலில் பாதி, நடுத்தரத்துக்கு ஐந்தில் இரண்டு, மட்டமான வயலுக்கு மூன்றில் ஒன்று என்று கணக்கும் வந்தது. இதில் நமக்கும் கொஞ்சம் பங்குண்டு. சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ நடத்திக் காட்டிய ரயத்துவாரிதான், உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் முறைதான், ராஃபிள்ஸுக்கு முன்மாதிரி. நில விவகாரத்தை விசாரிக்கப் போட்ட கமிஷனுக்குத் தலைவர் காலின் மெக்கன்சி. நம் ஊர்க் கைபீதுகளையெல்லாம் மூட்டை மூட்டையாகச் சேர்த்தவரேதான். திட்டம் அருமை. வயலை அளக்கத்தான் ஆளில்லை. ஆகவே ஊர்த் தலைவர் வாயில் வந்த எண்ணையே அளவு என்று எழுதிக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் தன் வயலை எந்தத் தரத்தில் எழுதச் சொல்லியிருப்பார் என்பது மணியக்காரரைக் கண்ட நமக்குத் தெரியாததா?

உழவு போகட்டும், சந்தைக்குப் போய்ப் பிழைக்கலாம் என்றால் வழியெல்லாம் சுங்கச் சாவடி. யோக்யகர்த்தா சுல்தானிடம் இருந்ததை 1812இல் ஆங்கிலேயர் பிடுங்கிக் குத்தகைக்கு விட்டார்கள். திரும்பி வந்த டச்சுக்காரர்கள் அதை மேலும் கொழுக்க வைத்தார்கள். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே, சுமைக்கெல்லாம் வரி. முதுகில் தூளிகட்டிப் பிள்ளையைச் சுமந்து வந்த தாய்கூடச் சாவடியில் நின்று காசு கொடுத்துத்தான் நகர வேண்டியிருந்தது என்று ஒரு டச்சு அதிகாரியே வெட்கப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையும் சரக்குதானே! 1825இல் இளவரசர் திபோநெகோரோ கலகக்கொடி பிடித்தபோது ஜனங்கள் ஓடிப்போய்க் கொளுத்தியவற்றில் சாவடிகளும் இருந்ததில் ஆச்சரியமில்லை.

ஐந்து வருட யுத்தத்தில் ஹாலந்தின் கஜானா காலி. 1830இல் வான் டென் போஷ் என்ற புது கவர்னர் ஜெனரல் ஒரு யோசனையோடு வந்தார். வாடகையே வேண்டாம், நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பு, அவுரி என்று நாங்கள் சொல்வதை நடு, நிலமில்லாதவன் வருஷத்துக்கு 66 நாள் சர்க்கார் பயிரில் வேலை செய்தால் போதும். காகிதத்தில் பார்த்தால் தர்மப் பிரபு. கரும்புக்காரன் கண் வைத்ததென்னவோ நல்ல தண்ணீர் பாயும் வயல்மேல்தான். விளைச்சலில் ஊர்த் தலைவருக்குக் கமிஷன் உண்டென்பதால் ஐந்தில் ஒன்று எங்கே முடிகிறது என்று அவரும் பார்க்கவில்லை.

இங்கேதான் உலக வழக்கம் தலைகீழானது. வெட்டி ஊழியமெல்லாம் பெரும்பாலும் நிலமுள்ளவன் தலையில். ‘சிக்கெப்’ என்றால் அவன்தான்: வயலும் உண்டு, பாலம் கட்டவும் சாலைக்கு மண் கொட்டவும் கூப்பிட்ட குரலுக்கு ஓடும் கடமையும் உண்டு. அவன் கொல்லையில் குடிசை போட்டு ஒண்டியிருந்தவன் ‘நும்பாங்’. அவனுக்குச் சொத்தும் கிடையாது, சர்க்கார் தொல்லையும் குறைவு. பல ஊர்களில் நிலக்காரர்களே, "வாங்கப்பா, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வயலைப் பங்கு வைத்தார்கள். வயலோடு வெட்டி வேலையும் பங்காகுமே! இதைப் பார்த்துப் புல்லரித்து, கிழக்கு நாடுகளின் ஆதிகாலக் கூட்டுடைமை என்று எழுதிய டச்சுப் பண்டிதர்களும் உண்டு.

1831 முதல் 1877 வரை இப்படி ஹாலந்துக்குப் போனது 80 கோடி கில்டருக்கு மேல். அந்தப் பணத்தில் ஹாலந்தில் ரயில்பாதை போட்டார்கள். 1849இல் தெமாக், குரோபோகான் பக்கம் பஞ்சம் வந்தபோது, விளைகிற மண்ணில் ஜனங்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். ஜாவாவின் முதல் ரயில் 1867இல்தான் செமாராங்கில் கிளம்பியது.

இத்தனைக்கும் பதில் சொன்னவர் ப்ளோரா பக்கத்துச் சம்சாரி ஒருவர், சாமின் சுரோசெந்திகோ. பரதேசியல்ல, 3 பௌ நஞ்சை, ஏறக்குறைய ஐந்து ஏக்கர். சுற்றிலும் தேக்குக் காடு. பாட்டன் காலத்திலிருந்து வெட்டிய விறகை எடுத்தால் திருட்டு என்று வனத்துறை பலகை மாட்டியிருந்தது. மண்ணும் தண்ணீரும் மரமும் எல்லாருக்கும் பொது என்று 1890 வாக்கில் அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய ஆட்கள் கத்தி எடுக்கவில்லை. அரசாங்கம் பேசியதை அப்படியே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

"எங்கேயிருந்து வர்றே?"

"பின்னாலேருந்து."

"எங்கே போறே?"

"முன்னாலே."

வரி பாக்கி இருக்கிறது என்றால், நான் உன்னிடம் கடன் வாங்கவே இல்லையே என்பார்கள். அதையும் ஒருமையில் சொல்வார்கள். பெரியவர்களிடம் பேச ஜாவாவில் தனி மரியாதை மொழியே உண்டு. இவர்கள் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு துரையையும் ‘நீ’ என்றார்கள். சர்வேயர்கள் நிலம் அளக்க வந்தால் வயலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இது என்னுது!" என்று கத்துவார்கள். நீளம், அகலம் எழுத நோட்டில் இடமுண்டு; படுத்திருக்கும் ஆளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் சிக்கெப்தான்.

பெரிய புரட்சி வரப்போகிறது என்று அதிகாரிகள் கிலி பிடித்து 1907இல் சாமினைப் பிடித்து நாடு கடத்தினார்கள். எங்கே போகிறாய் என்று கேட்காமலே சர்க்கார் செலவில் சுமத்ராவுக்குப் பயணம். 1914இல் அங்கேயே காலமானார். ஆனால் இயக்கம் அதே வருஷம்தான் உச்சத்துக்குப் போனது.

அவர் வழிவந்தவர்கள் இன்றும் வடக்கே கெண்டெங் மலையடிவாரத்தில் உழுகிறார்கள். அங்கே சிமெண்ட் ஆலை வருவதை எதிர்த்து 2016 ஏப்ரலில் ஒன்பது விவசாயப் பெண்கள் ஜகார்த்தாவுக்குப் போய், ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே மரப்பெட்டியில் சிமெண்ட் குழைத்து ஊற்றி, அதற்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. அடுத்த பிப்ரவரியில் மாகாண கவர்னர் புது அனுமதி ஒன்றைக் கொடுத்தார். பழையதைத்தானே ரத்து செய்தார்கள்!