நெல்லையும் கன்ட்ரோல்-யூவும்: கட்டளை வரித் திருத்தத்தின் பொருநைத் தோற்றம் குறித்த முதலும் முடிவுமான ஆய்வு

கட்டளை வரியில் எழுத்தைத் திருத்த உதவும் விசைச் சுருக்கங்கள் அமெரிக்காவில் பிறந்தவை என்று கணினித் துறையார் நம்பிவருகின்றனர். 1976-ல் எம்.ஐ.டி.யில் உருவான ஈமாக்ஸ் திருத்தியின் விசைகளே பெரும்பாலும் ரீட்லைன் நிரல் நூலகத்துக்கு வந்தன. பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் என்னும் கட்டளை ஓடு 1989-ல் வெளியானதும் அதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவின. இந்த விவரங்களில் பிழை ஏதுமில்லை. பிழையில்லாத விவரங்களை வைத்துக்கொண்டு ஆய்வு எதுவும் செய்ய முடியாது என்பதால் அவற்றை ஒதுக்கிவைத்து, மேற்படி விசைகள் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் தோன்றியவை என்று நிறுவப் புகுகிறோம். திருநெல்வேலி என்னும் ஊர்ப்பெயர் ஒன்றே இதற்குப் போதிய சான்று (காண்க: இக்கட்டுரை, இதே வாக்கியம்).

கன்ட்ரோல்-ஏ வரியின் தலைக்கும் கன்ட்ரோல்-இ வாலுக்கும் கொண்டுபோகும். இவற்றில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்து நிற்கும், கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர்க்கும். அறிஞர் உலகம் கன்ட்ரோல்-எஸ்ஸோடு நின்றுவிட்டது. நம் கவனத்துக்கு உரியது கன்ட்ரோல்-யூ. கர்சர் நிற்கும் இடத்திலிருந்து வரியின் தொடக்கம்வரை உள்ளதை அது ஒரே வெட்டில் எடுத்துவிடும். திருநெல்வேலியில் 'நெ'-வுக்கு முன் கர்சரை நிறுத்தி அதை அழுத்தினால் 'திரு' போய்விடும். பிறகு நடுவிலிருக்கும் 'வே'-யைத் தட்டிவிட்டு, 'லி'-யை 'லை' ஆக்கினால் நெல்லை. தலை, இடை, வால் என எல்லா இடத்திலும் கைவைக்கும் இத்தகைய திருத்தம் பிற ஊர்களில் எளிதில் அகப்படாது. கோவை, உதகை, நாகை, தஞ்சை முதலியன பெயரின் முற்பகுதியை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கன்ட்ரோல்-கே கொண்டு வெட்டி, ஓர் ஐகாரத்தை ஒட்டவைத்த ஊர்கள். இது தொடக்கநிலைப் பயனர் செய்வது. திருச்சியில் அந்த ஐகாரமும் இல்லை. அவ்வூரார் 'திரு'-வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பள்ளியைக் கைவிட்டார்கள். நெல்லையார் திருவை விட்டு நெல்லைப் பிடித்தார்கள். திருவாரூர் ஆரூர் ஆகவில்லையா என்று கேட்பவர் உண்டு. ஆயிற்று, தலையோடு நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் 'தின்னவேலி' என்று எழுதியது திருத்தத்தில் சேராது, தட்டச்சுப் பிழையில் சேரும்.

இத்திருத்தத்துக்கு இலக்கணச் சான்றும் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை சேர்ப்பு, நீக்கம், மாற்றம் வேண்டும் என்று எண்ணும் முறையை ருஷ்யர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் கூறினார். நன்னூலோ அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே தோன்றல், கெடுதல், திரிதல் என்று அம்மூன்றையும் வகுத்துவிட்டது. தி, ரு, வே கெட, லி திரிய, நான்கே திருத்தத்தில் நெல்லை கைகூடும். உயிர்க்குறியைத் தனியே எண்ணும் யூனிகோடு இதையே ஏழு என்னும். கூலிக்கு எழுதுவோர் அக்கணக்கையே விரும்புவர். இங்கே இரண்டு தடைகள் எழும். நன்னூல் இயற்றிய பவணந்தியார் கொங்கு நாட்டவர் என்பது ஒன்று. ஆனால் இலக்கணத்தின் மூலவரான அகத்தியர் இருப்பது பொருநை பிறக்கும் பொதிகையில். எனவே இலக்கணத்தை எவர் எங்கே உட்கார்ந்து எழுதினாலும் ஊற்று இங்கேதான். நெல்லை மரூஉ, அதன்மேல் புணர்ச்சி விகாரத்தை ஏற்றுவது குற்றம் என்பது மற்றொன்று. குற்றமே. ஆனால் அடிக்குறிப்பில் போட்டுவிட்டால் குற்றம் கருத்து வேறுபாடாகிவிடும் என்பது பல்கலைக்கழகங்களில் நிலைபெற்ற முடிபு (இதை முதலில் நிறுவியவர் இக்கட்டுரையாளர், காண்க: முதல் பத்தியில் அவர் தம்மையே சுட்டும் இடம்). எழுத்து இடம் மாறும் திருத்தத்துக்கும் விசை உண்டு: சதை தசையாவது கன்ட்ரோல்-டி (T). ச, த, ஐகாரக் குறி என மூன்றாக நிற்பதில் முதலிரண்டை இடம் மாற்றினால் தீர்ந்தது.

கணக்கறிந்தோர் இன்னொரு தடை சொல்வர். வரியின் கடைசியிலேயே நின்று கன்ட்ரோல்-யூவை ஒருமுறை அழுத்தினால் முழுப்பெயரும் போய்விடும். தமிழ்99 பலகையில் நெல்லை என்று அடிக்க ந, எ, ல, ல, ஐ என ஐந்து தட்டு. ஆக மொத்தம் ஆறு. கர்சரை அங்குமிங்கும் நகர்த்தித் திருத்துவதைவிட இது குறைவுதான். ஆனால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே எளிது என்று ஒப்புக்கொண்டால் பதிப்பாசிரியர் என்றொரு வர்க்கமே இராது. ஆகவே இத்தடை ஆய்வறத்துக்கு முரணானது என்று தள்ளப்படுகிறது.

விசைப்பலகை கிடைத்ததா என்று தொல்லியலார் கேட்கக்கூடும். பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜெர்மானியர் யாகோரும், அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீயும் தோண்டினர். தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன, விசைப்பலகை கிடைக்கவில்லை. தாழியில் வைப்பது இறந்தவரோடு போக வேண்டிய பொருளை. விசைப்பலகை அதில் இல்லை என்றால் அது வீட்டில் புழக்கத்தில் இருந்தது என்றுதானே பொருள்? தாழியே கூடச் சான்றுதான். கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-டபிள்யூ ஆகியவை வெட்டியதை ரீட்லைன் எறிந்துவிடுவதில்லை. உள்ளே அடக்கம் செய்துவைக்கிறது. கன்ட்ரோல்-ஒய் அழுத்தினால் கடைசியாகப் புதைத்தது எழுந்து வரும்; தொடர்ந்து ஆல்ட்-ஒய் அழுத்த அழுத்த அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று அடுக்கடுக்காக வெளிப்படும். பேக்ஸ்பேஸ் கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டியதற்குத் தாழி கிடையாது. 2004-ல் ஆதிச்சநல்லூரில் தோண்டியதற்கான அறிக்கையை எதிர்பார்த்துப் பல ஆண்டு இருந்தவர்களுக்குக் கன்ட்ரோல்-ஒய்யின் வேகம் நம்புதற்கரியதாகத் தோன்றும் (மூலம்: மேற்படி, மேற்படிக்கு மூலம்: மேற்படிக்கு மேற்படி, ஒப்புநோக்கியவரும் அணிந்துரை அளித்தவரும் ஆசிரியரே, திருத்திய பதிப்பு அச்சில், திருத்தாதது உங்கள் கையில்). கன்ட்ரோல்-ஆர் முன்பு அடித்த வரியைத் தேடி எடுத்துத் தரும். என்டர் தட்டினால் அதுவே மீண்டும் ஓடும். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் உற்பத்தி முறைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆதிச்சநல்லூர் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில் என்பது கடைசித் தடை. 1986-ல் மாவட்டம் பிரிந்தபோதுதான் அது அப்பக்கம் போயிற்று. அதே ஆண்டு எஞ்சிய பகுதிக்கு நெல்லைக் கட்டபொம்மன் என்று பெயரிட்டார்கள்; 1997-ல் மறுபடியும் திருநெல்வேலி. கன்ட்ரோல்-அடிக்கோடு அழுத்தினால் நொடியில் நடக்கும் மீட்புக்கு அரசு பதினோரு ஆண்டு எடுத்துக்கொண்டது என்றாலும், விசை வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டதால், குற்றாலம் பற்றி எழுதிய நீண்ட அத்தியாயம் இவ்விடத்தில் கன்ட்ரோல்-கே செய்யப்படுகிறது. வேண்டிய மாவட்டத்தார் கன்ட்ரோல்-ஒய் அழுத்தி எடுத்துக்கொள்ளலாம்.