எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற டயர்

டெல்டாவில் லோடு வேன் வைத்திருப்பவர்கள் உடனே ‘ஆல் சீசன்’ டயருக்கு மாறுவது நல்லது. நாளைக்கே ஒரத்தநாட்டில் பனி உறைந்து சாலை வழுக்கினால் யார் பொறுப்பு?

அளவையும் பெரிதாக்குங்கள். பெரிய டயருக்கு ஸ்பீடாமீட்டர் குறைத்தே காட்டும். எவ்வளவு பறந்தாலும் நல்ல பிள்ளை. கிலோமீட்டரும் மெதுவாகவே ஏறும். வண்டிக்கு வயதே ஆகாது. டிராக்டர் டயரையே மாட்டிவிட்டால், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேர்ந்தாலும் மீட்டர் பாபநாசத்தைத் தாண்டாது.

டீசல் கூடுதலாகக் குடிக்குமே என்று பயப்படாதீர்கள். அறுவடைக் காலத்தில் வண்டி ஓடவா போகிறது? நெல் மூட்டையோடு கொள்முதல் நிலைய வாசலில் வரிசையில் நிற்கும். டயர் தேயவே தேயாது.

நெல்லின் ஈரப்பதத்துக்குத்தான் 17 சதவீதம் என்று வரம்பு. மழை வந்தால் டயர் தாங்கும், மூட்டை தாங்காது. யாரிடமாவது ஆல் சீசன் தார்ப்பாய் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.