பெயிண்ட் அடிச்சா டேங்கர் ஆயிருமா அப்புனு?

மூணு நாளா சோறு எறங்கலையாமா உனக்கு? உங்காத்தா சொல்லி வெசனப்படறா. முட்டை லாரி புக்கிங்குக்கு வெப்சைட் கட்டி, கிளவுட்டுல வாடகைக்கு எடம் புடிச்சு, பூட்டுப் படம் மட்டும் வரமாட்டேங்குதுன்னு பொடக்காளிக்கும் வாசலுக்கும் நடையா நடக்கறயாம். இந்தக் கெழவனைக் கேக்கோணும்னு தோணலை பாரு. எப்படித் தோணும்? நீ பி.இ. நான் நாமக்கல்லுல லாரி புக்கிங் ஆபீஸ்ல நாப்பது வருசம் தாள் பொறுக்குனவன்.

சித்தெ உக்காரு, சொல்றேன்.

உன்ற கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரியும். அந்தப் பூட்டுக்கு சர்ட்டிபிகேட் வித்தவன் டாட் செர்னு ஒரு ஃபைலை அனுப்புனான். சர்வர் பெம் கேட்டுச்சு. நீ வாலை நறுக்கிட்டு டாட் பெம்னு புது வால் ஒட்டிட்ட. 'நோ ஸ்டார்ட் லைன்'னு சர்வர் காறித் துப்புச்சு. அதை நீயே மூணு தரம் சத்தமாப் படிச்ச. பக்கத்துக் கட்டல்ல படுத்திருந்தவனுக்குக் காது இருக்குதல்லோ? முட்டை லாரி பின்னால 'டேங்கர்'னு பெயிண்ட் அடிச்சு கேஸ் ரொப்பப் போனா ரொப்பியா அனுப்புவான்?

ஆர்.சி.யை நெனைச்சுக்கோ. அந்தக் காலத்துல புக்கு, அப்பறம் சிப்பு வெச்ச கார்டு. ரெண்டுலயும் இருக்கற விசயம் ஒண்ணுதான். சர்ட்டிபிகேட்டும் அப்படித்தான். பெம்ங்கறது புக்கு, எழுத்தா இருக்கும். டெர்ங்கறது சிப்பு, கண்ணுக்குத் தெரியாது. உன்ற என்ஜின்எக்ஸ் இருக்குதே, அது செக்போஸ்ட்டுல நிக்கற பழைய ஏட்டு மாதிரி. புக்கைக் காட்டுனாத்தான் கம்பத்தைத் தூக்குவாரு. கார்டுக்கு புக்கு அட்டை போட்டு நீட்டுனா சும்மா விடுவாரா?

மொதல்ல நோட்பேடுல தொறந்து பாரு. அஞ்சு சின்னக் கோடு, பிகின் சர்ட்டிபிகேட், மறுபடி அஞ்சு கோடு. அடுத்த வரி எம், ஐ, ஐன்னு ஆரம்பிக்கும். எந்த ஊர்ல வாங்குனாலும் பெரும்பாலும் அந்த மூணெழுத்துதான், பிள்ளையார் சுழியாட்டம். டெர்ல மொதல் ரெண்டு பைட்டு 30, 82. அதை பேஸ்64ல எழுதுனா அப்படித்தான் வந்து விழுகும். (30ன்ன ஒடனே முட்டைத் தட்டுன்னு நெனைச்சறாதே, அது பதினாறு அடிமானக் கணக்கு.) தொறந்ததும் கட்டமும் கிறுக்கலுமா வந்தா அது டெர். டாட் சி.ஆர்.டி., டாட் செர்ங்கற வாலை நம்பாதே, ரெண்டுக்குள்ளயும் எது வேணா இருக்கும். மாத்தறது ஒரு வரி வேலை. ஓப்பன்எஸ்எஸ்எல்ல எக்ஸ்509 போட்டு, 'இன்ஃபார்ம் டெர்'னு சொல்லி உள்ள விட்டா பெம்மா வெளிய வரும். மெயில்ல வந்ததை வேர்டுல ஒட்டி எடுக்காதே. அது அழகு பண்றேன்னு சின்னக் கோட்டை நீட்டுக் கோடாக்கிப்போடும், ஏட்டு மறுபடி மொறைப்பாரு.

பெம்ங்கற பேரே 1993ல மின்னஞ்சலைக் காபந்து பண்ண வந்த ஒரு திட்டத்தோட பேரு. திட்டம் ஓடலை. ஊட்டுக்காரன் போயிட்டான், திண்ணை மட்டும் நிக்குது.

உன்ற மாமன் பையன் அஸ்யூர் கிளவுட்டுல வெப்சைட் வெச்சிருக்கான், அவனுக்கு பி.எஃப்.எக்ஸ். வேணும். அது இரும்புப் பொட்டி. ரகசியச் சாவியும் சர்ட்டிபிகேட்டும் ஒண்ணாக் கெடக்கும், மேல பாஸ்வேர்டுப் பூட்டு. அமேசான்ல அதையே பெம்மாப் பிரிச்சு மூணு கட்டத்துல ஒட்டச் சொல்லுவான். பி7பின்னு ஒண்ணு வந்தா அதுக்குள்ள சாவியைத் தேடாதே, இருக்காது.

சாவின்னதும் ஞாபகம் வருது. எஃப்.சி.க்கு வண்டி விடறப்ப சேசிஸ் நம்பர் மேல தாளை வெச்சு, பென்சில்ல தேச்சு அச்சு எடுப்போம். தாள்ல வந்த நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒண்ணா இருக்கோணும், ஒரு எழுத்து பெசகுனாலும் வண்டி அக்கட்டால ஓரமா நிக்கோணும். ஆர்.எஸ்.ஏ. சாவியா இருந்தா அதுலயும் சர்ட்டிபிகேட்டுலயும் மாடுலஸ்னு ஒரே நம்பர் இருக்கும். ரெண்டையும் ஓப்பன்எஸ்எஸ்எல்ல எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்'னு வந்தா, போன தடவை உண்டாக்குன சாவியை இந்தத் தடவைக்கு நீட்டறேன்னு அர்த்தம். நீ அஞ்சு தரம் சி.எஸ்.ஆர்.ங்கற விண்ணப்பத்தை உண்டாக்குனவன், எந்தச் சாவி எந்த வண்டிக்குன்னு உனக்கே தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. சேலத்துல உன்ற தங்கச்சி சர்வர்தானே மேய்க்கறா? போன்ல கேட்டேன். உன்னாட்டம் அவ மூஞ்சியைத் தூக்கறதில்லை.

அவ சொன்ன இன்னொண்ணு. உன்ற சர்ட்டிபிகேட்டுக்குக் கீழயே, அதுல கையெழுத்துப் போட்ட நடுவால கம்பெனி சர்ட்டிபிகேட்டையும் ஒட்டோணும். உன்னுது மேல, அது கீழ. விட்டுப்போனா சில பிரவுசர் தானே தேடிப் புடிச்சுக்கும், நீயும் வேலை செய்யுதுன்னு மீசையை முறுக்குவ. உன்ற டிரைவர் போன்ல இருக்கற ஆப்பு, இந்த ஆளை எனக்குத் தெரியாதுன்னு கைய விரிச்சுரும்.

யாரு கையெழுத்துங்கறது அத்தனை பெருசு. 2014 ஜூலைல டில்லியில என்ன நடந்துச்சுன்னு கேளு. மத்திய அரசோட தேசிய தகவல் மையத்துல இருந்து கூகுள் டொமைன் பேருக்கு, கூகுளுக்கே தெரியாம சர்ட்டிபிகேட் போயிருந்துச்சு. வடிவத்துல குத்தமில்லை, முத்திரை அசல். கூகுள் கண்டுபுடிச்சுச் சொன்ன மறுநாளே, சர்ட்டிபிகேட் குடுக்கறவங்களை மேய்க்க ஐ.டி. சட்டத்துல வந்த சி.சி.ஏ. அதிகாரி அந்த மையத்தோட நடுவால சர்ட்டிபிகேட்டையெல்லாம் ரத்து பண்ணுனாரு. சி.சி.ஏ.வோட வேர் சர்ட்டிபிகேட்டை மைக்ரோசாஃப்ட் பட்டியல் நம்புனதால விண்டோஸ்ல அதை நம்பி ஓடுனதுக்கெல்லாம் வம்பு. சொந்தப் பட்டியல் வெச்சிருந்த ஃபயர்பாக்ஸ் தப்பிச்சுது. அப்பறம் குரோம், இந்திய சி.சி.ஏ. கையெழுத்து கவ் டாட் இன், நிக் டாட் இன்னு சில டொமைனுக்கு மட்டும்தான் செல்லும்னு கட்டிப் போட்டுருச்சு.

ஒருக்காப் போட்டா முடிஞ்சுதுன்னும் நெனைக்காதே. பழைய லாரிக்கு வருசத்துக்கு ஒருக்கா எஃப்.சி. சர்ட்டிபிகேட் ஆயுசு மிஞ்சிப்போனா 2026 மார்ச் 15ல இருந்து 200 நாளு, 2027ல 100, 2029ல 47. கையில மாத்தறவனுக்கு அதே சோலியாப் போயிரும். லெட்ஸ் என்கிரிப்ட்ல காசில்லாம வாங்கி, தானாப் புதுசாகற மாதிரி வெச்சுக்கோ.

போறதுக்கு மின்னால ஒண்ணு. யாராச்சும் போட்டுக் குடுங்கன்னு அந்தச் சாவி ஃபைலை நேத்து சொந்தபந்தம் வாட்ஸ்அப் குரூப்புல போட்டயல்லோ? அதுல நம்ம ஒறம்பரை அறுவது பேரு இருக்கறோம், நானும் இருக்கறேன். ஊரே பாத்தது இனிச் சாவி இல்லை. பழைய சர்ட்டிபிகேட்டை ரத்து பண்ணச் சொல்லி, புதுச் சாவி உண்டாக்கி, புதுசா வாங்கிப் போட்டுட்டு வந்து சோத்துல கைய வையி.