கோடாங்கிக்கும் ஃபீசுக்கும் நடுவுல

ஏண்டா பேராண்டி, தருமபுரி நாலு ரோட்டுக்கிட்ட யாரோ மனசுக்கு வைத்தியம் பாக்குறாராம், வாராவாரம் போறியாமே? போ, வேணாங்கல. எங்க காலத்துல கோடாங்கிதான். உடுக்கையடிச்சு நம்ம கதைய அவனே சொல்லிடுவான். நாம தலைய ஆட்டினாப் போதும். இங்க காசையும் நீயே குடுத்து, கதையையும் நீயே சொல்லணுமாம். நல்ல ஏவாரம்!

ஆனா கோடாங்கி நம்ம ஊர்க்காரன். அவன் பொண்டாட்டி எப்பக் கோவிச்சுக்கிட்டுப் போனா, எந்தக் கடையில எவ்ளோ பாக்கின்னு எல்லாம் நமக்குத் தெரியும். நம்ம குட்டு அவங்கிட்ட, அவன் குட்டு நம்மகிட்ட. வாயத் தெறப்பானா? ஒங்க ஆளு அப்பிடியா? நீ அழுவுறதெல்லாம் அவர் நோட்டுல ஏறுது. அவரப் பத்தி ஒனக்குத் தெரிஞ்சது ஃபீசு மட்டும். நம்ம கடன் மொத்தமும் தெரிஞ்ச தரகன்கிட்ட பாலக்கோட்டு மண்டியில தக்காளிக்கு வெல பேசுற கததான்.

கெட்டவர்னு சொல்லலடா. நல்லவர்கிட்டதான எல்லாத்தையும் கொட்டுவோம், சிக்கலே அங்கதான். 2001 ஆகஸ்ட்டுல ஏர்வாடியில மனசு சரியில்லாதவங்கள வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்களே, சங்கிலி போட்டிருந்ததால ஓட முடியல. அவங்கள அங்க விட்டுட்டு வந்த சொந்தக்காரங்களும் நம்பித்தான் விட்டாங்க.

அதனால கூச்சப்படாம கேளு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா மறுவாழ்வு கவுன்சில் பதிவு நம்பர் எங்கன்னு கேளு. 2017 மனநலச் சட்டத்துல 23ஆம் பிரிவு, நோயாளி விசயத்த வெளிய விடக்கூடாதுங்குது. உசுருக்கு ஆபத்துன்னா அப்பிடி இப்பிடின்னு சில விலக்கும் இருக்கு. ‘எப்பெப்ப வெளிய சொல்லுவீங்க’ன்னு மொத நாளே கேட்டுக்க. மூஞ்சச் சுளிச்சார்னா எந்திரிச்சு வந்துடு. என்னடா முழிக்கிற? கோர்ட்டு வாசல்ல டீக்கடை போட்டவன் நானு, வக்கீலுங்க பேசறது காதுல விழாமயா இருக்கும்?

கைமாத்து கேட்டாலோ, ‘வெளிய தனியாச் சந்திக்கலாம்’னு ஆரம்பிச்சாலோ, தோள்ல கை நகந்தாலோ அது வைத்தியமில்ல. ‘நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்’னு சொன்னா இன்னும் மோசம். ரகசியம் காக்கவேண்டியது அவரு, நீ இல்ல. நீ யார்கிட்ட வேணா சொல்லலாம். கையில காசில்லாத வாரம் 14416க்கு அடி. சர்க்காரு நம்பர், டெலி மானஸ்; ஓசிதான், ராத்திரியும் எடுப்பாங்க.

அது கெடக்கட்டும். கெணத்து மேட்டு நெலத்த நான் ஒங்க சித்தப்பனுக்கு எழுதிவச்சத அவர்கிட்ட சொன்னியா? என்னத் திட்டினியா? சொல்ல மாட்டியா? அடப்பாவி, 23ஆம் பிரிவ எனக்கே திருப்புறியா!