கடுவன் போட்ட பட்டா

கடுவன் பூனைக்குப் பத்திரப்பதிவு, வில்லங்கச் சான்று எதுவும் வேண்டாம். வாலைத் தூக்கி ஒரு பீச்சு. உங்கள் ஸ்கூட்டர் அதன் பெயருக்கு மாறிவிட்டது. நாம் உடனே பினாயிலோடு ஓடுவோம். பல பினாயில்களில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களைக் கழிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சு. நாற்றத்துக்கோ ஒன்றும் ஆகாது, பினாயிலோடு கூட்டணி அமைத்துக்கொள்ளும்.

கடுவன் மூத்திரத்தில் ஃபெலினின் என்றோர் அமினோ அமிலம் உண்டு. அது சிதையச் சிதையக் கந்தகச் சேர்மங்கள் கிளம்பும். அதனால்தான் நாளாக ஆக ‘மணம்’ கூடுகிறது. நொதி கலந்த திரவத்தை ஊற்றி, ஊறவிட்டுத் துடைத்தால் அடங்கும். வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் கட்டும் உயர் விஞ்ஞானமும் நம்மிடம் இருக்கிறது. பூனை அந்த பாட்டிலின் மீதே பீச்சும்.

கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் இந்த வேலையை நிறுத்திவிடும். அடுக்ககக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பலத்த கைதட்டல். செலவு யாருடையது என்றதும் பலத்த அமைதி. தினமும் சோறு வைக்கிற மாடி வீட்டு மாமியை எல்லோரும் பார்த்தார்கள்.

“அது எங்காத்துப் பூனையே இல்லியே,” என்றார் மாமி. “சாப்பிட மட்டுந்தான் வரும்.”